மாமா மாடி ஏறிய நேரம்

கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தது யாரென்று பார்த்ததுமே துப்பறிவாளருக்கு மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்று இருந்தது. புகுந்தும் இருப்பார். ஆனால் அங்கே ஏற்கனவே நாலு கேமரா டப்பா, ரெண்டு சுருள் ஒயர், ஒரு டிரில்லிங் மிஷின் எல்லாம் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. துப்பறியும் தொழிலை மட்டும் நம்பினால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் மனுஷன் வீடுகளுக்குக் கேமரா மாட்டிக் கொடுக்கும் வேலையும் சேர்த்துப் பார்த்துவந்தார்.

வந்தவர் ஆறுமணியக்கா.

பெயர்க் காரணம் சின்னதுதான். துப்பறிவாளரின் கூடப் பிறந்த அக்கா வீட்டிலும், அதே தெருவில் பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் வேலை பார்த்தவர். எட்டு வருஷமாகச் சரியாகக் காலை ஆறு மணிக்கு முதல் வீட்டுக் கேட்டைத் திறப்பார். ஒரு நாள்கூட ஆறேகால் ஆனது கிடையாது. மூன்று வாரமாக அந்தக் கேட்டை அவர் தொடவில்லை. அதற்குக் காரணம், இதோ மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற நம்ம ஆள்தான்.

நடந்தது இதுதான். அக்கா வீட்டு மேல் ரூமிலிருந்து ஒரு சங்கிலியும் ஒரு ஜோடித் தோடும் காணாமல் போயின. தம்பி மாட்டிக்கொடுத்த கேமரா அப்போது புதுசு, மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அங்கங்கே தாவி ஓட்டிப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் ரெண்டு நாற்பதுக்கு மேல் ரூமுக்குள் நுழைந்து, நாலு நிமிஷம் கழித்துத் துப்பட்டாவுக்குள் எதையோ சுருட்டி மறைத்துக்கொண்டு ஆறுமணியக்கா வெளியே வந்தார். அதை ஹால் டி.வி.யில் பெரிதாகப் போட்டு, அக்கா, அத்தான், பக்கத்து வீட்டுக்காரர், எதிர் வீட்டம்மா என்று எல்லார் முன்னாலும் துப்பறிவாளர் விசாரித்தார்.

"மாடிக்கே நான் போகல சார்" என்றார் அவர்.

"அப்போ துப்பட்டாவுக்குள்ள என்ன?"

அதற்குப் பதில் வரவில்லை. எத்தனை தடவை கேட்டும் வரவில்லை.

"கேமரா பொய் சொல்லாது. நீ சொல்லு" என்றார் துப்பறிவாளர். அதுவரை அவரை 'நீங்க' என்றே கூப்பிட்டவர். அந்த 'நீ'யைக் கேட்டவர்தான் இப்போது எதிரில் நின்றார்.

"உட்காருங்கக்கா" என்றாள் ஊசி. துப்பறிவாளரின் உதவியாளர். நாற்பது வயது, வாயைத் திறந்தால் குத்தாமல் மூட மாட்டாள். அந்தப் பெயரை வைத்தது அவள் புருஷனே என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"உட்கார வரலம்மா. சார்கிட்ட ஒரு வேலை குடுக்க வந்தேன்."

"என்ன வேலை?" துப்பறிவாளரின் குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அந்த நகையை யார் எடுத்தாங்கன்னு கண்டுபிடிக்கணும்."

"இல்ல, அது வந்து..."

"நான் எடுக்கல. அது எனக்குத் தெரியும். யார் எடுத்தாங்கன்னு தெரியாது. எனக்குத் தெரிஞ்ச துப்பறியறவர் நீங்க ஒருத்தர்தான். வேற யார்கிட்ட போவேன்?"

ஊசி கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். "சார், திருடின்னு நீங்க சொன்ன ஆளே உங்களை நம்பி வர்றாங்க. இந்த மாதிரி கிளையன்ட் இனிமே பொறந்து வந்தாத்தான் உண்டு."

துப்பறிவாளர் அவளை முறைக்க முயன்றார். முறைப்பு வரவில்லை.

"என் பொண்ணு பன்னெண்டாவது படிக்கறா" என்றார் ஆறுமணியக்கா. "அந்தத் தெருப் பிள்ளைங்க அவ கிளாஸ்ல இருக்காங்க. விஷயம் அங்க போயிடுச்சு. வீட்ல வந்து சண்டை போட்டாப் பரவால்ல. ஏம்மா இப்படிப் பண்ணினேன்னு கேட்டாக்கூடப் பரவால்ல. ஒண்ணும் கேக்கல. மூணு வாரமா என் முகத்தைப் பாக்க மாட்டேங்கறா. தட்டை வச்சா சாப்பிடறா, எழுந்து போயிடறா. அம்மாவைக் கேக்கவே கூச்சப்படறா சார், என் பொண்ணு."

சொல்லும்போது அழவில்லை. அழுதிருந்தால் துப்பறிவாளருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"துப்பட்டாவுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு சொல்லிட்டீங்கன்னா..."

"அதை மட்டும் கேக்காதீங்க. ஒருத்தருக்கு வாக்கு குடுத்திருக்கேன்." வாசல் பக்கம் திரும்பினார். "கண்டுபிடிச்சீங்கன்னா, அன்னிக்கு யார் யார் முன்னாடி என்னைச் சொன்னீங்களோ அவங்க முன்னாடியே சொல்லணும். என் பொண்ணும் பக்கத்துல நிக்கணும். அவ்வளவுதான்."

அவர் இறங்கிப் போன சத்தம் அடங்கியதும் ஊசி காலண்டரைப் பார்த்தாள். "அந்த ரெக்கார்டர் முப்பது நாள்தான் சார் வச்சிருக்கும். அப்புறம் பழசை அழிச்சுட்டு அது மேலயே எழுதிக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை முடிஞ்சு இன்னியோட இருபத்தெட்டு. எந்திரிங்க."

அக்கா வீட்டுக்குள் நுழையும்போதே துப்பறிவாளர் ஒரு பொய் சொன்னார். "கேமராவை ஒரு தடவை சர்வீஸ் பண்ணிட்டுப் போலாம்னு வந்தேங்கா." உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அக்கா பாவம், சந்தோஷப்பட்டாள். தம்பிக்கு எவ்வளவு பொறுப்பு என்றாள்.

வீட்டைக் கட்டிய மேஸ்திரி ஒரே பிளானை ரெண்டு தடவை கட்டியிருந்தார். கீழே ஒரு நடை, நடைக்கோடியில் பழுப்புக் கதவு போட்ட ஒரு அறை. மேலேயும் அதே நடை, அதே டைல்ஸ், அதே பழுப்புக் கதவு. ரெண்டு நடையிலும் ஒரே மூலையில் ஒரு கேமரா. ரெண்டு ஒயரும் இறங்கிப்போய்ச் சேர்கிற இடம்தான் துப்பறிவாளரின் சாமர்த்தியம். மாடிப்படிக்கு அடியில், கடைசி மூன்று படி சாய்ந்து இறங்குகிற முக்கோணச் சந்தில், செருப்பு ஸ்டாண்டுக்கும் வாக்குவம் கிளீனருக்கும் பின்னால் ரெக்கார்டரைச் செருகியிருந்தார். திருடன் வந்தால் கேமராவை விட்டுவிட்டு ரெக்கார்டரைத்தான் தூக்கிக்கொண்டு போவான், இங்கே அவன் அப்பன் வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டான் என்று அன்றைக்குப் பெருமை அடித்துக்கொண்டார். குப்புறப் படுத்து, ஒரு கையை மட்டும் உள்ளே விட்டு மாட்டிய வேலை. வெளியே வரும்போது தோள்பட்டை தோல் உரிந்திருந்தது.

ஊசி ரிமோட்டைக் கையில் எடுத்தாள். டி.வி.யில் ரெண்டு கட்டம் வந்தது. ஒன்றின் கீழே 'மேல் நடை' என்றும் இன்னொன்றின் கீழே 'கீழ் நடை' என்றும் துப்பறிவாளர் தன் கையால் அடித்த எழுத்து.

"அன்னிக்கு எவ்வளவு நேரம் சார் பாத்தீங்க?"

"அந்த அஞ்சு நிமிஷம்."

"ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூத்து நாப்பது நிமிஷம். அதுல அஞ்சு. பரவால்ல, சில பேர் டிரெயிலரைப் பாத்துட்டுப் படத்தோட கதையே சொல்லிடறாங்க."

'மேல் நடை' செவ்வாய்க்கிழமையைக் காலையிலிருந்து ஓட விட்டாள். வேகமாக ஓட விட்டும் ஒன்றும் நகரவில்லை. காலி நடை, மூடின கதவு. அக்கா உள்ளே போய் டீ போட்டாள். பத்தேகால் வந்தபோது ஊசியின் கட்டைவிரல் சட்டென்று நின்றது.

பழுப்புக் கதவைத் திறந்துகொண்டு, ரெண்டு கையாலும் வாக்கரைப் பிடித்தபடி, நாலடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பெரியவர் பாத்ரூமை நோக்கி நடந்துபோனார். அத்தானின் அப்பா. அந்த வீட்டில் எல்லாரும் மாமா என்று கூப்பிடுகிறவர்.

"அக்கா" என்று உள்பக்கம் குரல் கொடுத்தாள் ஊசி. "மாமா எந்த ரூம்ல இருக்காரு?"

"கீழதாம்மா. மூட்டு ரெண்டும் போச்சு. ரெண்டு வருஷமா மாடிப்படியை நிமிர்ந்து பாக்கறதோட சரி."

"அப்படியா. இங்க பாருங்க, மனுஷன் மாடியில ஜம்முனு வாக்கிங் போறாரு. எந்த டாக்டர்னு கேட்டுச் சொல்லுங்க, எங்க மாமியாரையும் கூட்டிட்டு வரேன்."

துப்பறிவாளர் சிரிக்கவில்லை. நினைப்பில் அவர் மறுபடியும் அந்தப் படிக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தார். மேல் ஒயருக்குச் சிவப்பு டேப், கீழ் ஒயருக்கு நீல டேப் என்று ஒழுங்காகத்தான் சுற்றினார். ஆனால் ரெக்கார்டரை முதலில் உள்ளே தள்ளிவிட்டார். அதனால் ஒயர் செருகுகிற பின்பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டது. வாயில் கவ்வியிருந்த டார்ச் விழுந்து வாக்குவம் கிளீனருக்கு அடியில் உருண்டுபோனது. இருட்டில் சிவப்பாவது நீலமாவது. தடவிப் பார்த்துச் செருகினார். டி.வி.யில் ரெண்டு நடையும் வந்தது. ரெண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி. படம் வருகிறதா என்று பார்த்தாரே தவிர, எது எங்கே வருகிறது என்று மாடிக்குப் போய் ஒரு தரம் கை ஆட்டிப் பார்க்கவில்லை. ரெண்டு நிமிஷ வேலை.

"மாறிடுச்சு" என்றார். "மேல்னு போட்டிருக்கறது கீழ். கீழ்னு போட்டிருக்கறது மேல்."

"அப்போ ஆறுமணியக்கா போனது..."

"மாமா ரூமுக்கு." அவருக்கு முகம் எரிந்தது. மாடிக்கே போகல சார் என்று அந்த அம்மா எத்தனை தடவை சொன்னார் என்று எண்ணிப் பார்த்தார். நாலு தடவை.

மாமா ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். துப்பறிவாளர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, செவ்வாய்க்கிழமை மதியம் என்று ஆரம்பித்ததுமே பெரியவர் கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கதவைச் சாத்துப்பா."

சாத்தினார்.

"எந்திரிச்சுப் போறதுக்குள்ள கட்டில்லயே ஆயிடுச்சு. மருமக தூங்கிட்டிருந்தா. அந்தப் பொண்ணுதான் விரிப்பு, துணி எல்லாத்தையும் மாத்திச்சு. நனைஞ்சதைச் சுருட்டித் துப்பட்டாக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போச்சு. யாருக்கும் தெரியக்கூடாதும்மான்னு கையைப் பிடிச்சுக்கிட்டேன். சரின்னுச்சு."

"அன்னிக்கு ஹால்ல அவங்களைக் கேட்டப்ப..."

"இந்தக் கதவுக்குப் பின்னாடிதான் உக்காந்திருந்தேன். மாடின்னு சொன்னீங்க. அது வேற நேரமா இருக்கும், வேற விஷயமா இருக்கும்னு நினைச்சேன்." விரிப்பின் ஓரத்தை நீவினார். "பொய். அப்படி நினைச்சாத்தான் வெளியில வர வேண்டாம். அதனால நினைச்சேன். வெக்கமா இருக்குப்பா. என் மருமககிட்ட சொல்லிடாதே."

"சொல்லல மாமா" என்றார் துப்பறிவாளர். அந்த அறையில் பெரியவரைவிட அதிக வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தது தான்தான் என்பதை அவரிடம் சொல்லவும் முடியவில்லை.

ஹாலுக்குத் திரும்பியபோது ஊசி உண்மையான மேல் நடையை, அதாவது 'கீழ் நடை' என்று பெயர் போட்டிருந்ததை, ஓட்டி முடித்திருந்தாள். கேமரா மாட்டிய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதல் நகை காணோம் என்று அக்கா கத்திய வெள்ளிக்கிழமை வரை மாடியில் நடமாடியவர்கள் மொத்தம் ரெண்டே பேர். துணி காயப்போடப் போன அக்கா, ஜன்னல் சாத்தப் போன அத்தான். ரெண்டு பேருமே அந்த அறைக்குள் நுழையவில்லை. வெள்ளிக்கிழமை சங்கிலியைத் தேடி அக்கா நுழைந்ததுதான் முதல் நுழைவு.

"அப்போ நகை ஜன்னல் வழியா இறங்கி பஸ் பிடிச்சுப் போயிடுச்சா?" என்றாள் ஊசி.

டீயோடு வந்த அக்காவிடம் ஒயர் மாறிய கதையை மட்டும் சொன்னார்கள். ஆறுமணியக்கா மாடிக்குப் போகவே இல்லை என்றதும் டீத் தட்டை அப்படியே கீழே வைத்தாள். "அப்போ யார்டா எடுத்தா?" என்றாள்.

துப்பறிவாளர் உட்கார்ந்து யோசித்தார். ஒரு மாசத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. யார் என்று கேட்டாரே தவிர, எதில் இருந்தது என்று அவர் கேட்கவே இல்லை.

"அக்கா, நகையை எதுல வச்சிருந்தே?"

"மேல் ரூம் அலமாரியிலன்னு அன்னிக்கே சொன்னேனே."

"எங்கன்னு கேக்கல. எதுல?"

அக்கா தயங்கினாள். "சிரிக்காதே. திருடன் நகைப் பெட்டியைத்தானே தேடுவான்? அதனால வெளியூர்ல இருக்கற என் பொண்ணோட பழைய ஜியாமெட்ரி பாக்ஸ்ல வச்சேன். சத்தம் வரக்கூடாதுன்னு பஞ்சு சுத்தி. உங்க அத்தான் கேலி பண்ணுவாருன்னுதான் யார்கிட்டயும் சொல்லல. பாக்ஸோட போச்சு."

ஊசி சிரித்துவிட்டாள். துப்பறிவாளரைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. மனுஷன் முகத்தில் ரத்தமே இல்லை.

அவர் எழுந்துபோய்ப் படிக்கு அடியில் மண்டி போட்டார். செருப்பு ஸ்டாண்டை இழுத்தார், வாக்குவம் கிளீனரை உருட்டி வெளியே விட்டார், குப்புறப் படுத்தார். தோளைச் சுவரில் தேய்த்துக்கொண்டு கையை உள்ளே விட்டார். ரெக்கார்டர் சூடாக இருந்தது. அதன் ஒரு பக்கத்தைத் தூக்கி அடியில் விரலை நுழைத்து உருவினார். கை வெளியே வந்தபோது ஒரு தகர ஜியாமெட்ரி பாக்ஸ் கூட வந்தது. மூடியில் பாதி உரிந்த ஸ்டிக்கர், உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் சங்கிலியும் தோடும்.

நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். அந்தச் சந்தில் காற்று கிடையாது. ரெக்கார்டர் தரையோடு ஒட்டி உட்கார்ந்தால் சூடாகி நின்றுபோகும். ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கிவைக்கத் தட்டையாக ஏதாவது வேண்டும் என்று அன்றைக்கு மேல் ரூமுக்குப் போய் அலமாரியில் கிடந்த பழைய பள்ளிக்கூடச் சாமான்களிலிருந்து இதை எடுத்துக்கொண்டு இறங்கினார். "அக்கா, ஒரு பழைய டப்பா எடுத்துக்கறேன்" என்று படியிலிருந்து குரல்கூடக் கொடுத்தார். சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. "எடுத்துக்கோடா" என்று பதில் வந்தது. எதை என்று அவளும் கேட்கவில்லை. உள்ளே காம்பஸும் ஸ்கேலும் இருக்கும் என்று நினைத்தார். ஊரார் வீட்டு அலமாரியையெல்லாம் நோண்டிப் பார்க்கிற மனுஷன் அந்த மூடியை மட்டும் திறக்கவில்லை. அதற்கப்புறம் அரை மணி நேரம் கழித்துத்தான் கேமராவுக்குக் கரண்ட் கொடுத்தார். கேமரா கண் முழிக்கும் முன்னாலேயே திருட்டு நடந்து முடிந்திருந்தது.

"திருட்டுப்போன நகை மேலயே திருட்டைப் பிடிக்கற மிஷினை உக்கார வச்ச ஆள் உலகத்துல நீங்க ஒருத்தர்தான் சார்" என்று ஆரம்பித்த ஊசி, அவர் தரையை விட்டு எழாமல் இருப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

முதலில் சுதாரித்துக்கொண்டது அக்காதான். வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "டேய், இது வெளியில தெரிய வேண்டாம். அலமாரிக்குப் பின்னாடி விழுந்து கிடந்துச்சுன்னு சொல்லிடலாம். நாளைக்கே அவங்களை வேலைக்குக் கூப்பிட்டுக்கறேன். நீதான் எடுத்து வச்சேன்னு சொன்னா அப்புறம் உன்கிட்ட எவன்டா கேஸ் குடுப்பான்? கேமரா மாட்டக்கூட ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க."

சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதைக் கேட்டதும் நெஞ்சுக்குள் ஒரு கதவு திறந்து காற்று வந்த மாதிரி இருந்தது அவருக்கு. அலமாரிக்குப் பின்னாடி. ரெண்டே வார்த்தையில் எல்லாம் முடிந்துபோகும். அப்படி இருந்ததுக்கே அவருக்குத் தன்மேல் அருவருப்பாக வந்தது.

"அப்படிச் சொன்னா நகையை அவங்க எடுக்கலைன்னு மட்டும்தான் ஆகும்" என்றார், தரையில் உட்கார்ந்தபடியே. "மாடிக்குப் போனாங்க, எதையோ ஒளிச்சு எடுத்துட்டு வந்தாங்கங்கறது அப்படியே நிக்கும். நகை இல்லைன்னா வேற என்னவோன்னு பேசுவாங்க. அவங்க பொண்ணும் அப்படித்தான் நினைப்பா."

அக்கா டப்பாவைப் பார்த்தாள். "நான் எப்படிடா இனிமே அவங்க மூஞ்சியில முழிப்பேன்" என்றாள்.

ஊசி போனை எடுத்து ஆறுமணியக்காவுக்குத் தகவல் சொன்னாள்.

நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்ட கையோடு, யூனிஃபார்மும் புத்தகப் பையுமாக ஆறுமணியக்காவின் பெண் வந்தாள். அம்மாவுக்கு ஒரு கை தூரம் தள்ளித் தெருவில் நின்றாள். ஆறுமணியக்கா கேட்டுக்குள் வரவில்லை. அக்கா கேட் வரை போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுடுங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

அத்தான் ஆபீஸிலிருந்து வர ராத்திரி ஆகும், அவரிடம் அப்புறம். முதலில் பக்கத்து வீடு. மணியை ஊசி அடித்தாள்.

"சார், அன்னிக்கு ஒரு தப்பு நடந்துபோச்சு..." என்று ஆரம்பித்தார் துப்பறிவாளர்.

"நடந்துபோகல சார். நீங்க பண்ணினது" என்றாள் ஊசி, பின்னாலிருந்து, மெதுவாக.

அவர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒயரை மாற்றி மாட்டியது நான். டப்பாவை எடுத்தது நான். இவங்க மாடிக்கே போகல. அன்னிக்கு இவங்களை நீன்னு பேசினேன், அதுவும் தப்பு. சொல்லச் சொல்லக் காது மடல் சுட்டது. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனுஷன். ஆறுமணியக்காவைப் பார்த்து, "நானும் ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கணும்மா" என்றார். அதோடு அந்த வாசல் முடிந்தது.

எதிர் வீட்டம்மா அப்படி விடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

"சரி, நகை கிடைச்சுது. சந்தோஷம். துப்பட்டாக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டுப் போனது என்ன? அது மேல் ரூமோ கீழ் ரூமோ, நான் என் கண்ணால பாத்தேனே."

"அது என்னன்னு எனக்குத் தெரியும். திருட்டுச் சாமான் இல்ல. அதுக்கு மேல சொல்ல மாட்டேங்க."

"அன்னிக்கும் உங்களுக்குத் தெரியும்னுதான் சொன்னீங்க."

அன்றைக்கு இதே ஆள் இதே தெருவில் அடித்துச் சொன்னார், இன்றைக்கு நம்புங்கள் என்றால் யார் நம்புவார்கள். பக்கத்தில் அந்தப் பெண் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள். எதிர் வீட்டம்மா கேட்ட அதே கேள்விதான் அவள் கண்ணிலும் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆறுமணியக்கா உதட்டை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். பெண்ணின் தலை மறுபடியும் கவிழத் தொடங்கியது.

தெருவில் டொக், டொக் என்று சத்தம் வந்தது.

மாமா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். காலில் செருப்பு இல்லை. பின்னால் அக்கா, "மாமா, எங்க போறீங்க" என்று பதறிக்கொண்டே வந்தாள். அகலமான தெருவும் இல்லை, ஆனாலும் கடக்க ரொம்ப நேரம் ஆனது. எதிர் வீட்டு வாசலுக்கு வந்ததும் அவர் மூச்சை நிதானப்படுத்திக்கொண்டார்.

"அது என் துணிம்மா" என்றார். "படுக்கையை நனைச்சுட்டேன். வயசாச்சு, ஆயிடுது. இந்தப் பொண்ணு எடுத்துட்டுப் போய்த் துவைச்சுப் போட்டுச்சு. வெளியில சொல்லாதேன்னு நான்தான் கெஞ்சினேன். சொல்லல. திருடின்னு எல்லாரும் சேர்ந்து சொன்னப்பவும் சொல்லல. நான் கதவுக்குப் பின்னாடி உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

எதிர் வீட்டம்மா கட்டியிருந்த கையை அவிழ்த்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்த வெயில்ல வெறுங்காலோட ஏன் வந்தீங்க?" ஆறுமணியக்காவின் குரலில் கோபம் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் வரை தினமும் அந்த வீட்டில் கேட்ட அதே அதட்டல். "ராத்திரி மூட்டு வீங்கிக்கிட்டா யார் பாக்கறது?"

போய் அவர் முழங்கையைப் பிடித்தார். பெரியவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். சட்டென்று புத்தகப் பையைத் தெருவிலேயே இறக்கி வைத்துவிட்டு அந்தப் பெண் ஓடிவந்தாள்.

"அம்மா, நீ அந்தப் பக்கம் பிடி. நான் இங்க பிடிச்சுக்கறேன்."

ஆறுமணியக்கா மகளைப் பார்த்தார். அவள் அம்மாவை நேராகப் பார்த்தாள். அப்புறம் ரெண்டு பேரும் பெரியவரை மெல்லத் திருப்பினார்கள்.

துப்பறிவாளர் அவசரமாக முன்னால் வந்து வாக்கரை நகர்த்திக் கொடுக்கக் கையை நீட்டினார்.

"நீங்க தள்ளி நில்லுங்க சார்" என்றாள் அந்தப் பெண். "வழி வேணும்."

துப்பறிவாளர் தள்ளி நின்றார்.